ரெண்டு நாள் தோட்டத்துல தங்கிட்டு வந்தோம், 25 சென்ட் வாங்கிப் போடலாமா?

பொள்ளாச்சி, ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு. எங்கே வேணும்னாலும் போங்க. சனி, ஞாயிறு ஒரு தோட்டத்துல தங்கிட்டு வந்தா திங்கட்கிழமை காலையில ஒரு காய்ச்சல் அடிக்கும். லேப்டாப்பைத் திறந்தா ஸ்டாண்ட்-அப் கால். ஜன்னலைத் திறந்தா பக்கத்து அபார்ட்மென்ட்டோட ஏசி மெஷின். நேத்து இந்த நேரத்துக்கு வாய்க்கால்ல கால் போட்டு உட்கார்ந்திருந்தோமேன்னு தோணும். அடுத்த அரை மணி நேரத்துல "பண்ணை நிலம் விற்பனைக்கு" என்று தேட ஆரம்பிச்சிருப்பீங்க. நீங்க தேடினது தெரிஞ்சதும் உங்க போன் ஒரு மாசத்துக்கு வேற விளம்பரமே காட்டாது.

இந்தக் காய்ச்சலைக் கிண்டல் பண்ண இதை எழுதலை. நிலத்து மேல ஆசை வர்றது நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஆசை வந்த அதே வாரத்துல யாராவது உங்ககிட்ட டோக்கன் அட்வான்ஸ் கேட்டா கொஞ்சம் நிதானிக்கணும். சமீபத்துல என்கிட்ட வந்த ஒரு தம்பதியோட கணக்கை இங்கே விரிச்சு வைக்கிறேன். அவங்க அனுமதியோடதான் எழுதுறேன், பெயர் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்களும் இதே இடத்துல நிக்கலாம் என்பதால் எண்களை அப்படியே தர்றேன்.

ரெண்டு பேருக்கும் பெருங்குடியில வேலை, வேளச்சேரியில வாடகை வீடு. கைக்கு வர்ற சம்பளம் சேர்த்து மாசம் 1.65 லட்சம். கணவர் பெரம்பூர்ல பிறந்து வளர்ந்தவர், மாடியில வச்ச துளசித் தொட்டிதான் அவருக்குத் தெரிஞ்ச விவசாயம். மனைவி சங்கரன்கோவில் பக்கத்து கிராமத்துப் பொண்ணு. அவங்க இன்ஜினீயரிங் படிக்க அப்பா ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தை வித்தவர். இது பின்னாடி முக்கியமா வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியா பாலக்காடு போற ரயில். ஆனைமலைப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு, அதுக்குள்ள பழைய சாளை வீட்டைப் புதுப்பிச்சு மூணு ரூம். காலையில சந்தகை, தேங்காய்ப்பால். மத்தியானம் அரிசிம்பருப்பு சோறு, நெய். மோட்டார் தொட்டியில குளியல். ராத்திரி தவளைச் சத்தம். செலவு: சாப்பாட்டோட ரூம் ரெண்டு நாளுக்கு 11,000, ரயில் 4,200, கார் 2,300, கிளம்பும்போது வாங்கின செக்கு எண்ணெய், தேன் 1,100. மொத்தம் 18,600 ரூபாய்.

இந்த 18,600-ஐ ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் நாம ஒப்பிடப் போறது இதோடதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கணவர் தொட்டியில நீச்சல் பழகிட்டு இருந்தார். மனைவி அடுப்படியில தோட்டத்துக்காரம்மாகிட்ட உட்கார்ந்துட்டாங்க. கிராமத்துல வளர்ந்தவங்க இல்லையா, கேட்க வேண்டியதைக் கேட்டிருக்காங்க. எத்தனை மரம், எத்தனை நாளைக்கு ஒரு வெட்டு, ஆள் கூலி என்ன, தண்ணி எப்படின்னு. அந்தம்மா சொன்னது: "மரம் ஏற ஆளே கெடைக்கறதில்ல கண்ணு. வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கருத்துப் போச்சு. அப்புறம் இந்த வாடல் நோய். அறுவது மரம் வெட்டிட்டோம். ரூம் ஆரம்பிச்ச பொறவுதான் பேங்க்குக் கடன் அடைஞ்சுது."

அந்தக் கடைசி வரியைத்தான் ஒரு ஆடிட்டரா நான் பிடிச்சுக்கிட்டேன். நீங்க போய்த் தங்கி ரசிச்ச அந்தத் தோட்டத்தைக் காப்பாத்துறது தென்னை இல்லை, உங்க ரூம் வாடகை. பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணி வர்ற, தலைமுறையா தென்னை தெரிஞ்ச குடும்பம் அது. அவங்களுக்கே இதுதான் நிலைமை. சுருள் வெள்ளை ஈ இந்தியாவுல முதல்முதலா 2016-ல கண்டுபிடிக்கப்பட்டதே பொள்ளாச்சியிலதான். கேரளாவுல ரொம்ப காலமா இருக்கிற வேர் வாடல் நோயும் இப்போ இந்தப் பக்கம் பெரிய தலைவலி. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல இதெல்லாம் வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு பார்த்துட்டுத் திரும்பும்போது கார் டிரைவரே பேச்சை எடுத்திருக்கார். "உடுமலை ரோட்டுல ஒரு சைட் இருக்குதுங்க, சும்மா பார்த்துட்டுப் போலாமுங்களா?" போன இடத்துல பெரிய வளைவு, அதுக்குள்ள தார் ரோடு, ஓரத்துல போகன்வில்லா, நடுவுல ஒரு குட்டி நீச்சல் குளம். 25 சென்ட் பண்ணை மனை, தென்னங்கன்று நட்டு, கம்பெனியே பராமரிச்சுத் தரும். விலை 18 லட்சம். புதன்கிழமைக்குள்ள ஒரு லட்சம் டோக்கன், ஒண்ணாம் தேதியிலிருந்து ரேட் ஏறிடும்.

திங்கட்கிழமை ராத்திரி என் போன்ல பிரவுச்சர் வந்து நிக்குது.

18 லட்சம் என்பது 18 லட்சம் இல்லை

பத்திரச் செலவுல இருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்ற வரியும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். 18 லட்சத்துக்கு 1,62,000. "மேடம் பேர்ல போட்டா ஒரு சதவீதம் குறையும்"னு விற்பனைப் பையன் சொல்லியிருக்கார். பெண்கள் பெயர்ல பதியும்போது பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைப்பு 2025 ஏப்ரல்ல வந்தது உண்மைதான். ஆனா அது 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும். 18 லட்சத்துக்குக் கிடையாது.

அடுத்து, ஒருமுறை மேம்பாட்டுக் கட்டணம் 1.5 லட்சம், பிரவுச்சரோட கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல. மொத்தம் 21,12,000. முதல் ரெண்டு வருஷம் பராமரிப்பு இலவசம், மூணாவது வருஷத்துல இருந்து மாசம் 3,000.

இவங்ககிட்ட இருக்கிறது ஃபிக்ஸட் டெபாசிட் 9 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 8.5 லட்சம். எல்லாத்தையும் துடைச்சு எடுத்தாலும் 17.5 லட்சம்தான். மீதி 3.62 லட்சம்? விவசாய நிலம் வாங்க வீட்டுக்கடன் கிடைக்காது. பெர்சனல் லோன்தான். 12 சதவீத வட்டி, மூணு வருஷம்னா இஎம்ஐ சுமார் 12,000. அவசர நிதி பூஜ்யம். ரெண்டு பக்கப் பெற்றோருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இன்னும் எடுக்கலை. எனக்கு இதுதான் வயித்தைக் கலக்கினது. நிலம் நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம். கணவரோட அப்பாவுக்கு நாளைக்கே ஒரு ஸ்டென்ட் வைக்கணும்னா, 25 சென்ட்டை ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டர்ல நீட்ட முடியாது.

இனி தென்னைக் கணக்கு. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில நட்டா ஏக்கருக்கு சுமார் 70 மரம். கால் ஏக்கர்ல 17 மரம். நெட்டை ரகம் காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும், ஒட்டு ரகம்னா மூணு நாலு. நல்லா காய்க்கிற நிலைக்கு வந்தபிறகு மரத்துக்கு 80 காய், காய் 20 ரூபாய்னு தாராளமாவே வச்சுக்குவோம். 17 பெருக்கல் 80 பெருக்கல் 20, மொத்தம் 27,200 ரூபாய். ஒரு வருஷத்துக்கு. மரம் ஏற கூலி, உரம், மருந்து எதையும் இன்னும் கழிக்கலை. பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 36,000.

நல்லா விளைஞ்சு நல்ல விலை கிடைச்ச வருஷத்துலேயே 8,800 ரூபாய் கைநஷ்டம். அதே 21.12 லட்சத்தை 6.5 சதவீத ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டா வரிக்கு முன்னால வருஷத்துக்கு 1.37 லட்சம் வரும். அந்த 18,600 ரூபாய் பில் இருக்கே, வருஷத்துக்கு நாலு தடவை போனாலும் 74,400. கிட்டத்தட்ட பாதி வட்டியிலேயே முடிஞ்சுடும். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஊருக்குப் போகலாம். வெள்ளை ஈயைப் பத்தி ஒருநாளும் யோசிக்க வேண்டாம்.

"சரி சார், விளைச்சலை விடுங்க, நிலத்தோட விலை ஏறும்ல?" கணவர் விடலை. நியாயமான கேள்வி. பதிலுக்கு நான் ஒரே ஒரு வேலைதான் செஞ்சேன். சர்வே நம்பரை வாங்கி பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கம் பார்த்தேன். பார்க்கக் காசு கிடையாது, நீங்களே பார்க்கலாம். மூணு வருஷம் முன்னாடி அந்த நிலம் கைமாறின பத்திரத்துல இருந்த மதிப்பு ஏக்கர் 12 லட்சம். பத்திரத்துல போடற தொகை முழு விலையா இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால ரெட்டிப்பா, 24 லட்சம்னே வச்சுக்குவோம். இவங்களுக்குச் சொன்ன விலை 25 சென்ட் 18 லட்சம், அதாவது ஏக்கர் 72 லட்சம். தார் ரோட்டுக்கும் போகன்வில்லாவுக்கும் கொஞ்சம் கழிச்சுக்கோங்க. அடுத்த பத்து வருஷத்துல நீங்க எதிர்பார்க்கிற விலை ஏற்றத்தை இப்பவே கம்பெனி எடுத்துக்கிட்டாச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு ஒன்றரை மடங்குக்குத் திரும்ப வாங்கிக்கிறோம்னு ஒரு உறுதியும் தந்திருந்தாங்க. ஒன்றரை மடங்குன்னு கேட்க நல்லா இருக்கு. 18 லட்சம் 27 லட்சம் ஆகும், கூட்டு வட்டியில வருஷத்துக்கு 8.4 சதவீதம். ஆனா உங்க கையிலிருந்து போறது 18 இல்லையே, 21.12. அதுக்குக் கணக்குப் போட்டா 5 சதவீதம். நடுவுல மூணு வருஷம் கட்டின பராமரிப்பைக் கழிச்சா இன்னும் கீழே. அதுவும் கம்பெனி அஞ்சு வருஷம் கழிச்சு இருந்தால்.

"டாக்ஸே இல்லை சார்"

இதுக்கு ஒரு தனி வீடியோவே போடணும், அவ்வளவு பேர் கேட்கிறீங்க. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லைன்னு சொல்றது பாதி உண்மை.

உங்க நிகர விவசாய வருமானம் வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினா, விவசாய வருமானத்தையும் சேர்த்துத்தான் வரி விகிதம் கணக்கிடணும். உதாரணம் பாருங்க. புதிய வரி முறையில, 2025-26 நிதியாண்டு ஸ்லாப்படி, கழிவெல்லாம் போக உங்க வரிக்குரிய சம்பளம் 14 லட்சம். வரி 90,000. இப்போ விவசாய வருமானம் ஒரு லட்சம் வந்ததுன்னு வைங்க. முதல்ல 15 லட்சத்துக்கு வரி போடணும், 1,05,000. அப்புறம் விவசாய வருமானம் ஒரு லட்சத்தோட விலக்கு வரம்பு 4 லட்சத்தைச் சேர்த்து 5 லட்சத்துக்கு வரி, 5,000. இதைக் கழிச்சா 1,00,000. அதாவது வரியே இல்லாத அந்த ஒரு லட்சத்தால உங்க வரி 10,000 ஏறிடுச்சு, செஸ் சேர்த்தா 10,400. நேரடியா வரி போட்டா வர்றதைவிடக் குறைவுதான், ஆனா பூஜ்யம் இல்லை. இன்னொண்ணு, 5,000 தாண்டினா நீங்க வழக்கமா போடற ஐடிஆர்-1 செல்லாது. ஐடிஆர்-2 போடணும்.

ரூம் வாடகை விவசாய வருமானமே இல்லை. தோட்டத்துக்குள்ள இருக்கிற வீடுங்கிறதால டூரிஸ்ட் தர்ற காசு விவசாயம் ஆயிடாது, முழுசா வரிக்குரியது. நாம வாங்கி ஆன்லைன்ல வாடகைக்கு விடலாம்னு கணக்குப் போடறவங்க இதைக் கவனிங்க. கம்பெனி விளைச்சல் என்னவா இருந்தாலும் மாசாமாசம் நிலையான தொகை தரும்னு சொன்னா, அது விவசாய வருமானமா என்பதே கேள்விக்குரியது. விளையாத வருஷமும் அதே தொகை வந்தா, அதிகாரி கேட்கத்தான் செய்வார்.

விற்கும்போது வரி இல்லை என்பதும் நிலம் எங்கே இருக்குன்னு பார்த்துத்தான். கிராமப்புற விவசாய நிலம்னா மூலதன ஆதாய வரி இல்லை. ஆனா நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள்ள இருந்து அங்கே மக்கள்தொகை 10,000-க்குக் குறையாம இருந்தாலே அது கிராமப்புறம் கிடையாது. எல்லைக்கு வெளியேயும் தூரக் கணக்கு உண்டு. 10,000-க்கு மேல ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊர்னா 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைன்னா 6, அதுக்கும் மேலன்னா 8. ரோட்டுத் தூரம் இல்லை, நேர்க்கோட்டுத் தூரம். அதோட, உண்மையிலேயே அங்கே விவசாயம் நடந்திருக்கணும். நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல 17 கன்று நட்டு, அஞ்சு வருஷத்துல ஒரு காய்கூட கணக்குல காட்டாம, இது விவசாய நிலம்னு சொன்னா யார் நம்புவா?

தேக்கு, ஈமு, அப்புறம் இது

நீங்க தொண்ணூறுகள்ல பிறந்தவரா இருந்தா அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, அனுபவ் பிளான்டேஷன்ஸ் தெரியுமான்னு. சென்னையை மையமா வச்சு தேக்கு மரத் திட்டம் வித்த கம்பெனி. தொண்ணூறுகள் முடியறதுக்குள்ள கவிழ்ந்தது. பாதி குடும்பங்கள்ல அந்தப் பத்திரம் இன்னும் பீரோவுல இருக்கும். 2012-ல பெருந்துறை சுசி ஈமு ஃபார்ம்ஸ். நாடு முழுக்கப் பார்த்தா பி.ஏ.சி.எல்., விவசாய நிலம் தர்றோம்னு சொல்லித்தான் கோடிக்கணக்கான பேர்கிட்ட பணம் வாங்கினாங்க. 2014-ல செபி சுமார் 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. பிறகு உச்ச நீதிமன்றம் லோதா கமிட்டி அமைச்சு, நிலங்களை வித்துப் பணம் தரும் வேலை வருஷக்கணக்கா இழுத்துச்சு.

பண்ணை மனை விற்கிற எல்லாரும் அப்படின்னு நான் சொல்லலை. தெளிவான பத்திரம், தனிப் பட்டா கொடுத்து வித்துட்டுப் போறவங்களும் உண்டு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பலர்கிட்ட பணத்தைச் சேர்க்கிறாங்களா? லாபமோ விளைச்சலோ தர்றோம்னு சொல்றாங்களா? உங்க சார்பா அவங்களே நிர்வகிக்கிறாங்களா? தினசரி நிர்வாகத்துல உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லையா? நாலுக்கும் ஆமாம்னா, அது கூட்டு முதலீட்டுத் திட்டம். செபியில பதிவு இல்லாம நடத்தக் கூடாது. பதிவு எண் கேளுங்க. அந்த முகம் மாறுறதைப் பார்க்கலாம். விவசாய நிலமாவே விற்கிறதால ரெரா பதிவுங்கிற பாதுகாப்பும் இதுக்குப் பொதுவா இருக்காது.

இவங்களுக்கு வந்த வரைவு ஒப்பந்தத்தை வாங்கிப் படிச்சேன். 20 வருஷத்துக்கு நிர்வாக உரிமை கம்பெனிக்கு. வேலி போடக் கூடாது. வேற பயிர் வைக்கக் கூடாது. விற்கணும்னா கம்பெனி வழியாத்தான். கணவர் கனவு கண்டது நாட்டுக்கோழியும் ஒரு முருங்கை மரமும். ஒப்பந்தப்படி கோழிக்கே அனுமதி இல்லை! பத்திரத்துல 5 லட்சம் மட்டும் காட்டுவோம், மீதி தனி ஒப்பந்தம்னு வேற ஒரு வரி. நாளைக்குத் தகராறு வந்தா பத்திரம் பேசறது 5 லட்சத்துக்குத்தான். அதுல ஒரு பகுதியை ரொக்கமா கேட்டா நேரா எழுந்து வந்துடுங்க. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதுக்கு மேலேயும் ரொக்கமா வாங்கறது சட்டப்படி தப்பு, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரும். முன்பணத்துக்கும் இது பொருந்தும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிலம் வாங்கியே தீரணும்னா வாங்குங்க. தமிழ்நாட்டுல விவசாயி இல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், மகாராஷ்டிரா மாதிரி தடை இல்லை. அமெரிக்காவுல செட்டில் ஆன அண்ணன் பேர்ல மட்டும் வாங்க முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கலை. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் வாங்கி ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. அவர் ஃபீஸ் சில ஆயிரம், அதுல கஞ்சத்தனம் வேண்டாம். ஏ-பதிவேட்டுல நிலத்தோட பழைய வகை என்னன்னு கட்டாயம் பார்க்கச் சொல்லுங்க. பஞ்சமி நிலம்னு இருந்தா தொடாதீங்க. 1892-ல தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்குன்னு ஒதுக்கின நிலம் அது, மத்தவங்க வாங்கின பத்திரம் செல்லாது. சட்டத்துக்காக மட்டும் இல்லை, நியாயத்துக்காகவும் தொடாதீங்க. கோயில் நிலம், பூமிதான நிலமும் அப்படித்தான். பட்டா உங்க பேர்ல தனியா பிரிஞ்சு வருமா, கூட்டுப் பட்டாவா? உள்ளே போற ரோடு யார் பேர்ல இருக்கு? இந்த ரெண்டு கேள்விக்கும் எழுத்துல பதில் வரணும். வாய் வார்த்தை போதாது.

பெர்சனல் லோன் போட்டு மட்டும் வாங்காதீங்க. அஞ்சு வருஷம் ஒரு பைசா தராத சொத்துக்கு முதல் மாசத்துல இருந்து இஎம்ஐ கட்டறது சம்பளக்காரருக்குச் சரிப்படாது. அவசர நிதியும் இன்ஷூரன்ஸும் தயாராகி, மொத்தச் சேமிப்புல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகாத தொகையா இருந்தா, ஆசைக்காக வாங்கலாம்ங்கிறது என் அபிப்பிராயம். சட்டம் ஒண்ணும் இல்லை இது, வேற ஆடிட்டர் வேற சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி மூணு பேரும் வீடியோ கால்ல பேசினோம். கணவர் கணக்கையெல்லாம் பொறுமையா கேட்டார். கடைசியா, "எனக்குன்னு ஒரு மண்ணு வேணும்னு தோணுது சார், அதை எக்செல்ல எப்படிப் போடறது?"ன்னார். என்கிட்ட பதில் இல்லை. அதுவரைக்கும் அதிகம் பேசாம இருந்த மனைவிதான் வாயைத் திறந்தாங்க. "எங்கப்பா ஒன்றரை ஏக்கர் வித்தப்போ அம்மா மூணு நாள் சரியா சாப்பிடலை. மண்ணு வேணும்னா எனக்கும்தான் வேணும். ஆனா நீச்சல் குளத்துப் பக்கத்துல வேண்டாம்."

அப்புறம் போகிற போக்குல சொன்னாங்க, ஊர்ல இன்னும் 80 சென்ட் மிச்சம் இருக்காம். சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்குது, யாரும் போறதில்லை. இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மான்னு கேட்டேன். "அது கரிசல் காடு சார், அதை யார் பண்ணை நிலம்னு சொல்லுவா?"ன்னு சிரிச்சாங்க.

டோக்கன் கொடுக்கலை. புதன்கிழமை சாயங்காலம் விற்பனைப் பையன் நாலு தடவை போன் பண்ணியிருக்கார். ஒண்ணாம் தேதி தாண்டியும் ரேட் ஏறலை, இன்னும் அதே 18 லட்சத்துக்குத்தான் மெசேஜ் வருதாம்.

அந்த 80 சென்ட்டை எடுத்துப் பார்த்தோம். பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு. தாத்தா இறந்து பதினோரு வருஷம். அப்பாவும் ரெண்டு அத்தைகளும் வாரிசு. நம்மில் பாதிப் பேர் வீட்டுக் கதை இதுதான், உங்க வீட்டுலயும் இப்படி ஒரு துண்டு நிலம் இருக்கான்னு இந்த வாரம் போன் போட்டுக் கேளுங்க. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டும் வேணும். பட்டா மாற்றத்துக்கு இ-சேவை மையத்துலயே விண்ணப்பிக்கலாம், முதல்ல மூணு பேர் பேர்லயும் கூட்டுப் பட்டா வரும். அத்தைகள் அவங்க பங்கை வச்சுக்கிறாங்களா, விட்டுக்கொடுக்கிறாங்களா என்பது அவங்க இஷ்டம், அவங்க உரிமை. அதுக்கு நியாயமான விலை கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கிக்கலாம், இல்லைன்னா பாகப்பிரிவினை போட்டுக்கலாம். குடும்பத்துக்குள்ள பதியும்போது கட்டணம், கிரயத்துக்குக் கட்டற 9 சதவீதத்தை விட ரொம்பக் குறைவு.

கருவேலத்தை ஜேசிபி வச்சு எடுக்க என்ன ஆகும்னு கணவர் விசாரிச்சிட்டு இருக்கார். அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு போட்டு சங்கரன்கோவில் போறாங்க. முதல்ல தாலுகா ஆபீஸ், அப்புறம் பெரிய அத்தை வீடு.